பெர்சி குடும்பம்: ஹாட்ஸ்பரின் வம்சம் இன்னும் இருக்கிறதா, பெயர் மட்டும்தான் இருக்கிறதா?

வியாசை ஸ்பர்ஸ்

எல்லோருக்கும் வணக்கம். நான் டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் ரசிகன். கிளப்பின் பெயரில் இருக்கிற ஹாட்ஸ்பர் யார் என்று தேடிப் போனதில் ஹென்றி பெர்சி என்ற 14ஆம் நூற்றாண்டுப் போர்வீரர் கிடைத்தார். அவரைப் பிடித்துக்கொண்டு அவருடைய குடும்பத்துக்குள் போனேன், இப்போது வெளியே வர மனமில்லை. நார்தம்பர்லாண்ட் பிரபுக்கள், வட இங்கிலாந்தின் பெர்சிகள், ஆனிக் கோட்டை (எழுத்தில் ஆல்ன்விக், சொல்லும்போது ஆனிக்) என்று தினமும் ஏதாவது படித்துக்கொண்டிருக்கிறேன்.

குழப்பம் இதுதான். ஓரிடத்தில், 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த காலத்திலிருந்து இன்றுவரை அறுபடாமல் வருகிற குடும்பம் என்று இருக்கிறது. இன்னோரிடத்தில், அசல் பெர்சிகள் 12ஆம் நூற்றாண்டிலேயே முடிந்துபோனார்கள், பிறகு வந்தவர்கள் லூவேன் (இன்றைய பெல்ஜியம்) பிரபு வம்சம் என்கிறார்கள். மூன்றாவதாக ஒருவர், இன்றைய டியூக் குடும்பத்தின் உண்மையான பெயர் ஸ்மித்சன், பெர்சி என்பது நாடாளுமன்றத்தில் சட்டம் போட்டு எடுத்துக்கொண்ட பெயர் என்று எழுதுகிறார். மூன்றில் எதை நம்புவது?

இன்னொரு கேள்வியும் உண்டு. ஸ்காட்லாந்து மன்னன் ஒருவனின் கண்ணில் இந்தக் குடும்பத்து முன்னோர் ஈட்டியைப் பாய்ச்சியதால் "கண்ணைத் துளைத்தவன்" என்ற பொருளில் பெர்சி என்ற பெயர் வந்ததாம். உண்மையா?

ஏட்டுப்பூச்சி

நண்பரே, மூன்றுமே உண்மை. ஒவ்வொருவரும் கதையின் ஒரு துண்டை மட்டும் சொல்லியிருக்கிறார்கள், அதனால்தான் முரண்பாடாகத் தெரிகிறது. எனக்குத் தெரிந்த பழைய பகுதியை நான் சொல்கிறேன், பின்னால் வந்ததை இங்கே என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

முதலில் கண் கதை. 1093இல் ஸ்காட்லாந்தின் மூன்றாம் மால்கம் மன்னன் ஆனிக் அருகே கொல்லப்பட்டது உண்மை. ஆனால் அப்போது ஆனிக் பெர்சிகளிடம் இல்லை. அவர்கள் அந்தக் கோட்டையை வாங்கியது 1309இல், அதாவது 200 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, டர்ஹாம் பிஷப் ஆண்டனி பெக்கிடமிருந்து. மால்கமைக் கொன்றவர் நார்தம்பர்லாண்டை அன்று ஆண்ட ராபர்ட் டி மவ்பிரேயின் ஆள். கோட்டையும் பெயரும் ஒரே குடும்பத்திடம் சேர்ந்த பிறகு, பெயருக்குப் பொருத்தமாக யாரோ பின்னாளில் கட்டிய கதை அது.

பெயரின் நிஜமான பிறப்பு சாதாரணமானது, ஊர்ப் பெயர். நார்மண்டியில் பெர்சி என்று ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் உண்டு, அவற்றில் கால்வடோஸ் பகுதியில் இருக்கும் பெர்சி-ஆன்-ஓழ் தான் இந்தக் குடும்பத்தின் ஊர் என்று பெரும்பாலும் சொல்கிறார்கள். அங்கிருந்து வந்த வில்லியம் டி பெர்சிதான் இங்கிலாந்தில் முதல் ஆள். 1086இல் எடுத்த டூம்ஸ்டே நிலக் கணக்கில் யார்க்‌ஷயரிலும் லிங்கன்ஷயரிலும் ஏராளமான நிலம் அவர் பெயரில் இருக்கிறது. பாழடைந்து கிடந்த விட்பி மடத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தவர்களில் ஒருவர். முதல் சிலுவைப் போருக்குப் போய் எருசலேமை நெருங்கிய நேரத்தில் இறந்துபோனார், இதயத்தை மட்டும் விட்பிக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள் என்பது மரபாகச் சொல்லப்படுவது. அவருக்கு "மீசைக்காரர்" என்று பிரெஞ்சில் ஒரு பட்டப்பெயர் இருந்தது, அந்தப் பட்டப்பெயரிலிருந்து வந்ததுதான் அல்ஜெர்னான் என்ற முதற்பெயர். நார்மன் பிரபுக்கள் பெரும்பாலும் மழித்த முகத்தோடு இருந்த காலத்தில் மீசை வைத்திருந்தார் என்பதற்காக ஒருவருக்கு வந்த பெயரை, 400 ஆண்டுகள் கழித்து அதே குடும்பம் பிள்ளைகளுக்குப் பெருமையாக வைத்தது. இவர்களுக்குத் தங்கள் பழமைமேல் எவ்வளவு பிடிப்பு என்பது அதிலேயே தெரிகிறது.

சரி, லூவேன் விஷயத்துக்கு வருகிறேன். 1175 வாக்கில் இந்த முதல் வம்சத்தில் ஆண் வாரிசு இல்லாமல் போனது. மிஞ்சியவர்கள் இரண்டு மகள்கள், மாட், ஆக்னஸ். மாட் வாரிக் ஏர்லை (ஏர்ல் என்பது டியூக்குக்குக் கீழான ஒரு பிரபுப் பட்டம்) மணந்தார், அவருக்குப் பிள்ளை இல்லை. ஆக்னஸ் மணந்தது லூவேன் பிரபுவின் இளைய மகன் ஜாஸ்லினை. ஜாஸ்லினின் அப்பா வழிச் சகோதரி அடிலைசா, முதலாம் ஹென்றி மன்னரின் இரண்டாம் மனைவி, இங்கிலாந்தின் ராணி. அந்த உறவால்தான் ஜாஸ்லினுக்கு சசெக்ஸில் பெட்வொர்த் கிடைத்தது. ஐரோப்பாவின் மிக உயர்ந்த குலங்களில் ஒன்று அவருடையது. இருந்தாலும் பிள்ளைகள் அப்பாவின் பெயரை விட்டுவிட்டு அம்மாவின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். காரணம் நிலம். யார்க்‌ஷயரில் குத்தகைக்காரர்களும் படைவீரர்களும் பெர்சி என்ற பெயருக்குத்தான் கட்டுப்பட்டவர்கள், லூவேன் என்று சொன்னால் அங்கே யாருக்கும் தெரியாது. ஆக்னஸின் மகன்களில் ஒருவரான ரிச்சர்ட் டி பெர்சி, 1215இல் மேக்னா கார்ட்டாவை மன்னர் மீறாமல் பார்த்துக்கொள்ளத் தேர்ந்தெடுத்த 25 பிரபுக்களில் ஒருவர்.

இன்று பெர்சி கொடியில் பார்க்கிற நீலச் சிங்கம் லூவேன் பக்கத்து நினைவு என்று சொல்வார்கள். பழைய பெர்சி சின்னம் வேறு, நீலத்தின்மேல் ஐந்து தங்க நிற நீள் சாய்சதுரங்கள்.

ஆக, உங்கள் ஹாட்ஸ்பர் தந்தை வழியில் லூவேன்காரர், தாய் வழியில் பெர்சி. அவர் பிறப்பதற்கு ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன்பே இது நடந்துவிட்டது.

எல்லைக்காவல்

ஏட்டுப்பூச்சி விட்ட இடத்திலிருந்து நான் தொடர்கிறேன். எனக்குப் பிடித்தது இதற்குப் பிந்தைய போர்க் காலம்தான்.

ஆனிக் கையில் வந்த பிறகு பெர்சிகளின் வேலை ஸ்காட்லாந்து எல்லையைக் காப்பது. லண்டனிலிருந்து படை வந்து சேர்வதற்குள் எல்லை எரிந்துவிடும், அதனால் மன்னர்கள் இவர்களுக்குப் பணமும் அதிகாரமும் கொடுத்து வளர்த்தார்கள், பிறகு வளர்ந்ததைப் பார்த்துப் பயந்தார்கள். 1377இல் இரண்டாம் ரிச்சர்டின் முடிசூட்டு விழாவின்போது ஹென்றி பெர்சிக்கு நார்தம்பர்லாண்ட் ஏர்ல் பட்டம் கிடைத்தது. அவருடைய மூத்த மகன்தான் ஹாட்ஸ்பர், 1364இல் பிறந்தவர். குதிமுள்ளை (ஸ்பர்) அழுத்திக் குதிரையைப் பறக்கவிடுகிற வேகத்தைப் பார்த்து ஸ்காட்லாந்துக்காரர்கள் வைத்த பெயர் அது. எதிரி வைத்த பெயரிலேயே ஒருவர் 600 ஆண்டுகளுக்கு மேல் நினைக்கப்படுகிறார் என்றால் அது சாதாரண விஷயம் இல்லை.

1399இல் ரிச்சர்டை இறக்கிவிட்டு நான்காம் ஹென்றியை அரியணையில் ஏற்றியதில் தந்தைக்கும் மகனுக்கும் பெரிய பங்கு. நாலே வருடத்தில் அதே மன்னருக்கு எதிராகப் படை திரட்டினார்கள். எல்லைக் காவலுக்காகச் செலவழித்த பணம் வந்து சேரவில்லை. 1402இல் ஹோமில்டன் குன்றில் பிடித்த ஸ்காட்லாந்துப் பிரபுக்களைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொன்னார் மன்னர், அதாவது பணயத்தொகை அவருக்குப் போய்விடும். ஹாட்ஸ்பரின் மைத்துனர் எட்மண்ட் மார்ட்டிமர் வேல்ஸில் சிறைப்பட்டபோது அவரை மீட்கவும் மன்னர் சம்மதிக்கவில்லை. 1403 ஜூலை 21, ஷ்ரூஸ்பரி போர்க்களத்தில் ஹாட்ஸ்பர் இறந்தார். அவர் உயிரோடு இருக்கிறார் என்று வதந்தி பரவியதால் புதைத்த உடலைத் தோண்டியெடுத்து ஊரார் பார்க்க நிறுத்தினார்கள், பிறகு துண்டாக்கி நாலா திசைக்கும் அனுப்பினார்கள், தலை யார்க் நகர வாசலுக்குப் போனது. ஷேக்ஸ்பியர் நாடகத்தில் அவரும் நான்காம் ஹென்றியின் மகன் இளவரசர் ஹாலும் ஒரே வயது இளைஞர்கள்போல வருவார்கள், நிஜத்தில் ஹாட்ஸ்பர் இளவரசரைவிட 20 வயதுக்கு மேல் மூத்தவர்.

அதற்குப் பிறகு இந்தக் குடும்பத்தில் படுக்கையில் இறந்தவர்களைத் தேட வேண்டியிருக்கிறது. தந்தை 1408இல் பிராமம் மூரில் செத்தார். ஹாட்ஸ்பரின் மகன், இரண்டாவது ஏர்ல், 1455இல் செயின்ட் ஆல்பன்ஸில். அவருடைய நான்கு மகன்கள், இங்கிலாந்து அரியணைக்காக இரண்டு குலங்கள் மோதிய ரோஜாப் போர்களில் பலியானார்கள்: தாமஸ் 1460இல் நார்தாம்ப்டனில், மூன்றாவது ஏர்ல் ஹென்றியும் ரிச்சர்டும் 1461இல் டௌட்டனில், ரால்ஃப் 1464இல் ஹெட்ஜ்லி மூரில். நான்காவது ஏர்ல் பாஸ்வொர்த் களத்தில் படையோடு நின்றும் மூன்றாம் ரிச்சர்டுக்காகப் போரிடவில்லை, நாலு வருடம் கழித்து 1489இல் வரி வசூல் விவகாரத்தில் தர்ஸ்க் அருகே கூட்டம் அவரை அடித்துக் கொன்றபோது சொந்த ஆட்களும் காப்பாற்ற வரவில்லை. ஏழாவது ஏர்ல் 1569இல் கத்தோலிக்க மதத்துக்காகக் கிளர்ந்த வட நாட்டுக் கலகத்தில் சேர்ந்து 1572இல் யார்க்கில் தலை வெட்டுண்டார், 1895இல் போப் அவருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தார். எட்டாவது ஏர்ல் 1585இல் லண்டன் டவர் சிறையில் இதயத்தில் குண்டு பாய்ந்து கிடந்தார். ஒன்பதாவது ஏர்ல், உறவினர் தாமஸ் பெர்சி, நாடாளுமன்றத்தையும் மன்னரையும் தகர்க்கத் திட்டமிட்ட வெடிமருந்துச் சதியில் இருந்த காரணத்தால், 1605லிருந்து 1621வரை அதே டவரில் கிடந்தார். நல்ல அறிவாளி, கணித அறிஞர் தாமஸ் ஹேரியட்டை ஆதரித்தவர், சோதனைகளிலும் புத்தகங்களிலுமே மூழ்கியிருந்ததால் மந்திரவாதி ஏர்ல் என்று பெயர் வாங்கியவர்.

கிளப்பைப் பற்றி: டாட்டன்ஹாம் பகுதியில் நார்தம்பர்லாண்ட் டியூக்குகளுக்கு நிலம் இருந்தது, நார்தம்பர்லாண்ட் பார்க் என்ற இடப்பெயரே அதற்குச் சாட்சி. 1882இல் பள்ளிப் பையன்கள் கால்பந்து அணி தொடங்கியபோது உள்ளூரோடு சம்பந்தப்பட்ட வீரர் என்பதால் ஹாட்ஸ்பர் பெயரை வைத்தார்கள். 1884இல் டாட்டன்ஹாம் முன்னால் சேர்ந்தது.

வியாசை ஸ்பர்ஸ்

அருமை, இருவருக்கும் மிக்க நன்றி. அந்த நான்கு சகோதரர்கள் விஷயம் மனதை என்னவோ செய்கிறது.

அப்படியானால் ஸ்மித்சன் எங்கே வருகிறார்? ஒன்பதாவது ஏர்ல்வரை ஆண் வாரிசு இருந்திருக்கிறதே.

மங்கை_ம

இந்தப் பகுதியை நான் சொல்கிறேன், ஏனென்றால் இதை எழுதுகிற பலர் "திருமணம் மூலம் சொத்து ஸ்மித்சன்களுக்குச் சென்றது" என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விடுவார்கள். அந்த ஒரு வரிக்குள் ஒரு சிறுமியின் வாழ்க்கை இருக்கிறது.

பதினோராவது ஏர்ல் ஜாஸ்லின் பெர்சி 1670இல் இத்தாலியில் டூரின் நகரில் இறந்தார். ஆண் வாரிசு இல்லை. ஒரே மகள் எலிசபெத், 1667இல் பிறந்தவள், அப்பா இறக்கும்போது மூன்று வயது. ஆனிக், பெட்வொர்த், லண்டனில் நார்தம்பர்லாண்ட் மாளிகை, சயன் மாளிகை எல்லாவற்றுக்கும் அவள்தான் வாரிசு. ஏர்ல் பட்டம் பெண்ணுக்குப் போகாது என்பதால் பட்டம் மட்டும் அணைந்தது, இரண்டாம் சார்லஸ் அதைப் புதிதாக்கித் தன் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன் ஜார்ஜ் ஃபிட்ஸ்ராய்க்குக் கொடுத்தார்.

எலிசபெத்துக்கு 12 வயதில் பாட்டி முதல் கல்யாணத்தை முடித்தார். மாப்பிள்ளை ஓகிள் பிரபு, கேவண்டிஷ் குடும்பத்துப் பையன். கவனியுங்கள், அவனும் பெர்சி என்று பெயரை மாற்றிக்கொண்டான். அடுத்த ஆண்டே இறந்துபோனான். 1681இல் தாமஸ் தின் என்ற பெரும் பணக்காரருக்குக் கட்டிவைத்தார்கள், லாங்லீட் மாளிகைக்காரர், அவளைவிட வயதில் மிகவும் மூத்தவர். அவருடன் வாழப் பிடிக்காமல் அவள் ஹாலந்துக்கு ஓடிவிட்டாள். 1682 பிப்ரவரியில் லண்டனின் பால் மால் வீதியில் வண்டியில் போய்க்கொண்டிருந்த தின்னை மூன்று பேர் சுட்டுக் கொன்றார்கள். எலிசபெத்தை அடைய ஆசைப்பட்ட கோனிக்ஸ்மார்க் பிரபுவின் ஆட்கள் அவர்கள். சுட்ட கூட்டம் தூக்கில் தொங்கியது, பிரபு விடுதலையானார். வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் தின்னின் கல்லறையில் அந்தக் கொலைக் காட்சியையே சிற்பமாகச் செதுக்கியிருக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து, மே மாத இறுதியில், சாமர்செட் டியூக் சார்லஸ் சீமோருடன் மூன்றாவது கல்யாணம். இத்தனையும் அவளுக்கு 16 வயது ஆவதற்குள்.

இந்தக் கல்யாண ஒப்பந்தத்தில் டியூக் பெர்சி என்ற பெயரை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. உரிய வயது வந்ததும் எலிசபெத்தே அவரை அதிலிருந்து விடுவித்துவிட்டார். அதனால்தான் 1670லிருந்து 80 ஆண்டுகளுக்குத் தலைமைக் குடும்பத்தில் பெர்சி என்ற பெயர் இல்லை, சீமோர்தான்.

அவர்களுடைய மகன் அல்ஜெர்னான் சீமோர். முற்பாட்டனின் மீசை இங்கேயும் வருகிறது. அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். மகள் பெயரும் எலிசபெத். அவர் 1740இல் யார்க்‌ஷயரைச் சேர்ந்த சர் ஹியூ ஸ்மித்சனைக் கல்யாணம் செய்தபோது யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை, அண்ணன் தம்பி இருக்கும்போது சொத்து பெண்ணுக்கு வராது அல்லவா. 1744இல் அந்தச் சகோதரன் இத்தாலியில் போலோன்யாவில் அம்மையில் இறந்துவிட்டான். ஒரே நாளில் ஸ்மித்சனின் மனைவி பெர்சி சொத்தின் வாரிசு ஆனார். ஸ்மித்சன்களின் முன்னோர் லண்டனில் கடை வைத்து வணிகம் செய்து நிலம் வாங்கியவர்கள், பேரனட் என்ற, பிரபுக்களுக்குக் கீழான பரம்பரைப் பட்டம் 1660இல்தான் வந்தது. கிழவர் சாமர்செட் டியூக்குக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை, கர்வி டியூக் என்று ஊரே சொல்லும் மனிதர். தடுக்க முயன்றார், 1748இல் இறந்துவிட்டார். 1749இல் அல்ஜெர்னான் நார்தம்பர்லாண்ட் ஏர்ல் ஆக்கப்பட்டார், அவருக்குப் பிறகு மருமகனுக்கு என்ற ஏற்பாட்டோடு. 1750இல் அவர் இறந்ததும் நாடாளுமன்றச் சட்டம் மூலம் ஹியூ ஸ்மித்சன், ஹியூ பெர்சி ஆனார். 1766இல் டியூக் ஆனார். இன்றைய டியூக் குடும்பம் அவர் வழிதான்.

தென்கரை

எல்லாவற்றையும் படித்துவிட்டு என் கருத்தைச் சொல்கிறேன். இது ஒரு குடும்பம் இல்லை, ஒரு பெயர்ப்பலகை. பலகையின் கீழே கடைக்காரர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். 1670இல் அசல் ஏர்ல்கள் முடிந்தார்கள் என்றே சொல்ல வேண்டும். அன்றைக்கு ஆண் வழியில் தூரத்து உறவு இருந்திருந்தால் அவர்தானே உண்மையான பெர்சி?

ஏட்டுப்பூச்சி

அப்படிச் சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தார். ஜேம்ஸ் பெர்சி, டப்ளினில் பயணப் பெட்டி செய்யும் தொழிலாளி. 1670இல் ஏர்ல் இறந்த செய்தி தெரிந்ததும், தான்தான் ஆண் வழி வாரிசு என்று பிரபுக்கள் சபையில் மனு போட்டார். முதலில் எட்டாவது ஏர்லின் இளைய மகன் ரிச்சர்ட் வழி என்றார், கணக்கு ஒத்துவரவில்லை. பிறகு ஐந்தாவது ஏர்லின் மகன் இங்கல்ராம் வழி என்று மாற்றினார். 1569 கலகத்தின்போது குழந்தைகளைக் கூடைகளில் வைத்துத் தெற்கே அனுப்பி மறைத்தார்கள், அவர்களில் ஒருவர் தன் முன்னோர் என்பது அவர் சொன்ன விவரம். எதிர்த்து நின்றது எலிசபெத்தின் பாட்டி, பிறகு சாமர்செட் டியூக். ஏறத்தாழ 20 ஆண்டுகள் விடாமல் வழக்காடினார். கடைசியில் 1689இல் பிரபுக்கள் சபை கொடுத்த தீர்ப்பு, "நார்தம்பர்லாண்ட் ஏர்ல் பட்டத்துக்குப் பொய்யாகவும் துடுக்காகவும் உரிமை கோரியவன்" என்று எழுதிய தாளை உடம்பில் மாட்டிக்கொண்டு வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்து நீதிமன்றங்களைச் சுற்றி வர வேண்டும் என்பது.

அவருடைய வம்சாவளியை நம்ப முடியாது என்பது என் எண்ணமும். ஆனாலும் ஒரு முதிய கைவினைஞருக்குக் கொடுத்த அந்தத் தண்டனையை நினைத்தால் கோபம் வருகிறது. அவருடைய மகன் அந்தோணி பெர்சி பின்னாளில் டப்ளின் மேயராக உயர்ந்தார் என்பதைச் சேர்த்துச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

மங்கை_ம

தென்கரை, பெயர்ப்பலகை என்பதை நான் ஏற்கவில்லை. வில்லியம் டி பெர்சியின் ரத்தம் ஆக்னஸ் வழியாக ஹாட்ஸ்பருக்கு வந்தது, ஹாட்ஸ்பரின் மகனிலிருந்து இறங்கி எலிசபெத் பெர்சிக்கு வந்தது, அவருடைய பேத்தி எலிசபெத் சீமோர் வழியாக இன்றைய டியூக்குக்கு வந்திருக்கிறது. எங்கேயும் அறுந்து போகவில்லை. ஆண்கள் வழியை மட்டும் கணக்கில் எடுத்தால்தான் 1175இலும் 1670இலும் முடிந்ததாகத் தெரியும். ஆக்னஸ் வழியில் வந்த ஹாட்ஸ்பரை அசல் பெர்சி என்று தயக்கமில்லாமல் சொல்கிறோம், எலிசபெத் வழியில் வந்தவர்களை மட்டும் ஏன் போலி என்று சொல்ல வேண்டும்? லூவேன் அரச உறவு, ஸ்மித்சன் வணிகர் குடும்பம் என்பதாலா?

தென்கரை

நியாயமான கேள்வி. வணிகர் என்பதால் நான் சொல்லவில்லை. 1200 வாக்கில் பெயர் தானாக ஒட்டிக்கொண்டது, ஊர் அப்படிக் கூப்பிட்டது. 1750இல் சட்டம் போட்டு எடுத்தார்கள். அந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகத்தான் படுகிறது. மேலும், பெயரைக் கைவிட்டதால் ஸ்மித்சன் என்ற பெயருக்கு என்ன ஆனது என்பதையும் பேச வேண்டும்.

முதல் டியூக்குக்கு எலிசபெத் மேசி என்ற பெண்ணிடம், திருமணத்துக்கு வெளியே, ஒரு மகன் 1765 வாக்கில் பாரிஸில் பிறந்தான். டியூக் அவனைத் தன் மகன் என்று வெளியில் ஏற்கவில்லை. ஜேம்ஸ் மேசி என்றே வளர்ந்து, ஆக்ஸ்ஃபர்டில் படித்து, வேதியியலும் கனிமவியலும் செய்து, ராயல் சொசைட்டி உறுப்பினரானார். அம்மா 1800இல் இறந்த பிறகு பெயரை ஜேம்ஸ் ஸ்மித்சன் என்று மாற்றிக்கொண்டார். அப்பா தூக்கிப் போட்ட பெயரை மகன் எடுத்துக்கொண்டார். துத்தநாகக் கார்பனேட் கனிமத்துக்கு ஸ்மித்சனைட் என்று இவர் நினைவாகத்தான் பெயர். 1829இல் ஜெனோவாவில் இறந்தார். சொத்து தம்பி மகனுக்கு, அவனும் வாரிசில்லாமல் இறந்தால் அமெரிக்காவுக்கு, வாஷிங்டனில் அறிவை வளர்க்கவும் பரப்பவும் தன் பெயரில் ஒரு நிறுவனம் அமைக்க வேண்டும் என்று உயில். தம்பி மகன் 1835இல் இறந்தான். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தங்க சவரன்கள் கப்பலில் அமெரிக்கா போயின, 1846இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் உருவானது. அவர் அமெரிக்காவில் காலே வைத்ததில்லை. உடல் மட்டும் 1904இல் போனது, அலெக்சாண்டர் கிரஹாம் பெல் நேரில் ஜெனோவாவுக்கு வந்து எடுத்துச் சென்றார்.

இதில் இன்னொரு விஷயம். ஜேம்ஸின் அப்பா வழிச் சகோதரர் ஹியூ, பின்னால் இரண்டாவது டியூக் ஆனவர், 1775 ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டனில் அமெரிக்கர்களிடம் அடிபட்டுப் பின்வாங்கிய ஆங்கிலேயப் படையைக் காப்பாற்றப் போன படைத்தலைவர். ஒரு மகன் அந்த நாட்டோடு போரிட்டவர், இன்னொரு மகன் மொத்தச் சொத்தையும் அந்த நாட்டுக்குக் கொடுத்தவர்.

வியாசை ஸ்பர்ஸ்

ஸ்மித்சோனியன் இந்தக் குடும்பத்திலிருந்து வந்தது என்பது எனக்கு முற்றிலும் புதிது!

நம் ஊர்ப் பக்கம் இந்தக் குடும்பத்தினர் யாராவது வந்திருக்கிறார்களா? மதராஸ் ஆளுநர்கள் பட்டியலில் பெர்சி என்று யாரும் கண்ணில் படவில்லை.

சாந்தோம்வாசி

பெர்சி ஆண்கள் யாரும் இல்லை, ஆனால் ஒரு டச்சஸ் இங்கே வளர்ந்தவர். மூன்றாவது டியூக் ஹியூ பெர்சி 1817இல் மணந்த சார்லட் ஃபுளோரென்ஷியா, ராபர்ட் கிளைவின் பேத்தி. அவருடைய அப்பா எட்வர்ட் கிளைவ் 1798லிருந்து 1803வரை மதராஸ் ஆளுநர். சார்லட்டுக்கு இங்கே வந்தபோது பத்துப் பதினோரு வயது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த அடுத்த ஆண்டு, அம்மா ஹென்றியெட்டாவும் அக்காவும் அவரும் பெரிய பரிவாரத்தோடு மதராசிலிருந்து கிளம்பி பெங்களூர், ஸ்ரீரங்கப்பட்டணம், மைசூர் என்று போய், திருச்சி, தஞ்சாவூர், தரங்கம்பாடி வழியாகத் திரும்பி வந்தார்கள். பல மாதப் பயணம். அந்தச் சிறுமி அதைப் பற்றி நாட்குறிப்பு எழுதியிருக்கிறார், போன இடங்களையும் பார்த்த மனிதர்களையும் அந்த வயதுக்கே உரிய கூர்மையோடு கவனித்தவர்.

பின்னாளில் அவர் இளவரசி விக்டோரியாவின் கல்விப் பொறுப்பாளராக 1831லிருந்து 1837வரை இருந்தார். இந்தியாவின் பேரரசி என்று பட்டம் சூடிக்கொள்ளப் போகிறவருக்குப் பாடம் பொறுப்பேற்றவர் தஞ்சாவூர்ச் சாலைகளில் பயணித்த பெண் என்பதை நம் பள்ளி வரலாற்றில் ஒரு வரியாவது சேர்த்திருக்கலாம்.

எல்லைக்காவல்

நல்ல தகவல் ஐயா. சார்லட்டுக்குப் பிள்ளைகள் உண்டா? அதாவது இன்றைய பெர்சிகளிடம் கிளைவ் ரத்தம் இருக்கிறதா?

மங்கை_ம

அவர் வழியில் இல்லை. சார்லட்டுக்குப் பிள்ளை இல்லை, 1847இல் டியூக் இறந்ததும் பட்டம் தம்பி நான்காவது டியூக்குக்குப் போனது. அவருக்கும் பிள்ளை இல்லை. 1865இல் அவர் இறந்தபோது டியூக் பட்டம் முதல் டியூக்கின் இரண்டாம் மகன் வழிக்கு, பெவர்லி ஏர்ல் கிளைக்குப் போனது. புதிய டியூக்குக்கு அப்போதே 86 வயது. இன்று ஆனிக்கில் இருக்கும் 12ஆவது டியூக் ரால்ஃப் பெர்சி அந்தக் கிளைதான்.

இதோடு இன்னொரு சங்கதியும் உண்டு, வழக்கறிஞர்களுக்குப் பிடிக்கும். 1722இல், மூன்று கல்யாணம் ஆன அந்த எலிசபெத் பெர்சி இறந்தபோது, பழைய பெர்சி பரோன் பட்டம் அவரிடம் இருந்தது என்று தவறாக நினைத்து அல்ஜெர்னான் சீமோரை அந்தப் பெயரில் பிரபுக்கள் சபைக்கு அழைத்துவிட்டார்கள். தவறான அழைப்பாக இருந்தாலும் சட்டப்படி அதுவே ஒரு புதிய பரோன் பட்டத்தை உண்டாக்கிவிட்டது, அதுவும் மகள்கள் வழியாகவும் இறங்கக்கூடிய பட்டம். அதனால் 1865இல் டியூக் பட்டமும் கோட்டையும் பெவர்லி கிளைக்குப் போக, பெர்சி பரோன் பட்டம் மட்டும் பெண் வழியில் ஸ்காட்லாந்தின் அத்தோல் டியூக் குடும்பத்துக்குப் போனது. 1957இல் ஒன்பதாவது அத்தோல் டியூக் வாரிசில்லாமல் இறந்தபோதுதான் அது பத்தாவது நார்தம்பர்லாண்ட் டியூக்கிடம் திரும்பி வந்தது.